தினமும் பையில் வைத்துக்கொள்ள, மடக்காத சிறு கத்தி ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கத்தியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உறையிலிருந்து தொடங்குகிறேன். மடக்குக் கத்திக்குப் பிடியே உறை. மடங்காத கத்தியைக் கால்சட்டைப் பையில் போடுகிறவருக்கோ தொடைக்கும் கூர்முனைக்கும் நடுவே இருப்பது உறை ஒன்றுதான். இருசக்கர வண்டியில் உட்கார்ந்து எழும்போது அது நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாம் இருப்பது தோல் ஊர்களுக்கு நடுவில். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று எந்தப் பக்கம் போனாலும் துண்டுத் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷூவின் மேல்பகுதிக்குப் போகும், குரோம் உப்பில் பதனிட்ட மெல்லிய தோலில் உறை தைக்காதீர்கள். துணி போலத் துவளும். முனை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் விறைப்பானது. அதை நனைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கத்தியின் மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். தைக்கும்போது கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, வரும் பக்கம் இரண்டு தோலுக்கும் இடையே இன்னொரு பட்டைத் தோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கத்தி போய்வரும் ஒவ்வொரு முறையும் தையல் நூலைத்தான் அறுக்கும். தைத்து வந்ததும் மேசைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். கத்தி விழுந்தால் வாங்காதீர்கள். உறையை ஒரு கயிற்று வளையத்தால் பெல்ட்டோடு பிணைத்துவிட்டால், இழுக்கும்போது கத்தி மட்டும் கைக்கு வரும்.

அலகு இரண்டரை அங்குலம், மிஞ்சினால் மூன்று. தடிமன் 2 மில்லிமீட்டர் போதும். முரட்டுத் தடிமனில் விற்பவற்றைப் பார்த்து மயங்க வேண்டாம். அவை மாங்காயை அரியாது, பிளக்கும். கோணித் தையலைப் பிரிக்க, பார்சல் கயிறு அறுக்க, பழம் நறுக்க மெல்லிய அலகுதான் கைகொடுக்கும். பிடியில் மூன்று விரலாவது நன்றாக உட்கார வேண்டும்.

கொல்லுப்பட்டறையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்து தரும் கத்திக்குத் தனி அழகு உண்டு, தீட்டுவதும் எளிது. ஆனால் நம் ஊர் வெயிலில், வியர்வை ஊறிய பையில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். தோலுறையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தினமும் துடைத்து எண்ணெய் தடவப் பொறுமை இல்லாதவர்கள் துருப்பிடிக்காத எஃகே வாங்கலாம். எதுவானாலும் இரவில் உறையை விட்டு வெளியே வையுங்கள். தீட்ட ஒரு சாணைக்கல் வீட்டிலேயே இருக்கட்டும். பொறி பறக்கச் சக்கரத்தில் பிடித்து வாய் நீலம் பூத்துவிட்டால், அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கானவை நீங்கலாக, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. உங்களுடையது அதற்கு வெகு கீழே. அதற்காக நீதிமன்றத்துக்கும் விமான நிலையத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். இரவு வாகனச் சோதனையில் காவலர் கேட்டால் சொல்ல ஒரு வேலைக் காரணம் இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கும்போது சாத்துக்குடி உரிக்க அதை உருவுவதும் வேண்டாம், நகத்தாலேயே உரித்துக்கொள்ளுங்கள்.