ரோமில் கூட்டமில்லாத ஒரு நாள்

கேள்வி: அக்டோபரில் நானும் கணவரும் மாமியாரும் ரோம் போகிறோம். கொலோசியம், வாட்டிகன் எல்லாம் இரண்டு நாளில் பார்த்துவிடுவோம். மூன்றாம் நாள் வரிசையில் நிற்காமல், கூட்டத்தில் இடிபடாமல், ஊர்க்காரர்கள் இருக்கும் பகுதியில் சுற்ற ஆசை. மாமியாருக்கு 64 வயது, சமதரையில் நன்றாக நடப்பார். எங்கே போகலாம்?
*வாசகி, ஈரோடு*

பதில்: முதலில் ஒன்று, அந்த நாளை செவ்வாய் முதல் சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, சந்தைக்கு ஞாயிறு விடுமுறை.

மெட்ரோ பி லைனில் கொலோசியத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் பிரமிடே. வெளியே வந்ததும் நிஜமாகவே ஒரு பிரமிடு நிற்கும். கி.மு. முதல் நூற்றாண்டில் செஸ்தியுஸ் என்ற ரோமானியர் தனக்காகக் கட்டச் சொன்ன கல்லறை அது, 330 நாளில் கட்டி முடித்ததாக அதிலேயே பொறித்திருக்கிறார்கள். அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக டெஸ்டாச்சோ சந்தைக்குப் போய்விடுங்கள், காலையில்தான் அங்கே உயிர் இருக்கும். மீன் வாங்க வந்த பாட்டிகள் கடைக்காரரிடம் பேரம் பேசுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு காபி குடிக்கலாம்.

சந்தைக்குப் பக்கத்திலேயே ஒரு குன்று, மோந்தே டெஸ்டாச்சோ. 35 மீட்டர் உயரம், மேலே புல் முளைத்து சாதாரண மேடு மாதிரி இருக்கும். ஆனால் அத்தனையும் உடைந்த மண் ஜாடி! பழைய ரோமுக்கு ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த ஆலிவ் எண்ணெய் ஜாடிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 லிட்டர் பிடிக்கும். எண்ணெய் ஊறிப்போன ஜாடி மறுபடி எதற்கும் உதவாது, நாறும். அதனால் உடைத்து இங்கே ஒழுங்காக அடுக்கி, வாடை தெரியாமலிருக்க மேலே சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். ஐந்து கோடி ஜாடிக்கு மேல் இருக்கும் என்று ஒரு கணக்கு. மேலே ஏற முன்பதிவு வேண்டும், மாமியாருக்கு அது வேண்டாம். குன்றைச் சுற்றி ஓரமாக நடந்தாலே போதும், மண் சரிந்த இடங்களில் சிவப்பு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் ஜாடியின் கைப்பிடி முழுசாக அப்படியே தெரிந்தது, எந்தக் கூலியாளின் கை கடைசியாகப் பிடித்ததோ என்று நினைத்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் பிரமிடை ஒட்டிய கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்லறைத் தோட்டம். கட்டணம் கிடையாது, நன்கொடை போடலாம். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியும் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷியும் இங்கேதான் இருக்கிறார்கள். 1821-ல் 25 வயதில் இறந்த ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கல்லில் அவர் பெயர் இல்லை, தண்ணீரில் பெயர் எழுதப்பட்ட ஒருவன் இங்கே கிடக்கிறான் என்ற வரி இருக்கிறது. பக்கத்தில் பெஞ்சும் நிழலும் உண்டு, மாமியார் உட்காரட்டும்.

மதியத்துக்கு மேல் ஒஸ்தியென்சே சாலையில் கால் மணி நேரம் நடந்தால் சென்ட்ராலே மோந்தேமார்தினி. 1912-ல் திறந்த மின் நிலையம் இது, முதலில் நான் சொன்ன அருங்காட்சியகம் இப்போது இதற்குள்தான். 1997-ல் கபிடோலின் அருங்காட்சியகத்தில் வேலை நடந்தபோது அங்கிருந்த சிலைகளைத் தற்காலிகமாக இங்கே கொண்டுவந்தார்கள், பிறகு பல சிலைகள் இங்கேயே தங்கிவிட்டன. கன்னங்கரேலென்று வீட்டை விடப் பெரிய டீசல் எஞ்சின், அதன் முன்னால் வெள்ளைப் பளிங்கில் ஒரு தேவதை. ரோமில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், வாட்டிகனைவிடவும்.

சாயங்காலம் ரயில் பாதைக்கு மேலே செல்லும் செத்திமியா ஸ்பிட்ஸிகினோ பாலத்தைக் கடந்து கர்பத்தெல்லாவுக்குப் போங்கள். 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ரோமில் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் 16 பேர்தான் திரும்பினார்கள், அதில் ஒரே பெண் செத்திமியா, அவர் பெயரைத்தான் பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள். கர்பத்தெல்லா 1920-ல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய குடியிருப்பு. நடுவில் பொது முற்றம், சுற்றிலும் வீடுகள், முற்றத்தில் மரமும் துணிக்கொடியும், நம் பக்கத்து வளவு வீடுகளைப் பெரிதாக்கினது போல. முற்றங்களுக்குள் பெரும்பாலும் போகலாம், ஆனால் அது அவர்கள் வீட்டு வாசல். எதிரே வருபவரிடம் ‘புவோனசேரா’ சொல்லுங்கள், காயும் துணிகளையும் விளையாடும் பிள்ளைகளையும் தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். இங்கே மட்டும் கொஞ்சம் மேடும் படிகளும் உண்டு, மெதுவாக ஏறுங்கள். முடியாவிட்டால் கீழே ஒரு முற்றத்தோடு நிறுத்திக்கொண்டாலும் சரி. திரும்ப கர்பத்தெல்லா மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது.

கேள்வி: அந்தப் பக்கம் சைவம் கிடைக்குமா?
*அதே வாசகி*

பதில்: டெஸ்டாச்சோவில் 1975 வரை பெரிய இறைச்சிக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூலியோடு குடலும் வாலும் கொடுப்பார்களாம், அதனால் ஊரின் பெயர்பெற்ற சமையலே குடல்கறி வகைதான். அசைவம் சாப்பிடும் ஆள் என்றால் விடவே கூடாது. சைவத்துக்கு காச்சோ எ பேப்பே கேளுங்கள், பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. ஆனால் அதில் போடும் பெக்கோரினோ ரோமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால், மாமியார் கடுமையான சைவம் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்கு மரினாரா பீட்சா நல்லது, தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், சீஸ் கிடையாது. சுப்ளி என்ற சோற்று உருண்டையை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், உள்ளே பெரும்பாலும் கறி இருக்கும்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் உண்டு, நாசோனே என்பார்கள், சுத்தமான குடிநீர். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் வளைந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம்.

கேள்வி: மெட்ரோ டிக்கெட் எப்படி?
*வாசகர், மதுரை*

பதில்: ஒன்றரை யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும், அதில் மெட்ரோவில் ஒரு தடவைதான் போகலாம். வாசலில் வங்கிக் கார்டைத் தட்டியும் உள்ளே போகலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். தெர்மினி ரயில் நிலையத்தில் பிக்பாக்கெட்காரர்களிடம் உஷார், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.