பதிவேட்டைப் பழைய தேதி போட்டு எழுதலாமா?

அம்பத்தூரில் காமா ரேடியோகிராஃபி (காமா கதிரால் வெல்டிங்கைப் படமெடுத்துக் குறை பார்ப்பது) செய்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறீர்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஆய்வு வரப்போகிறது, ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் கதிர் காட்டினோம் என்று குறிக்கும், 2 மாதம் எழுதாமல் விட்ட பதிவேட்டை ஒரே ராத்திரியில் நிரப்பச் சொல்கிறார் முதலாளி. இதுதானே சிக்கல்?

எழுதாதீர்கள். நேர்மையை விடுங்கள், கணக்கே காட்டிக்கொடுத்துவிடும். சோர்ஸாக, அதாவது கதிர்வீச்சுத் தரும் பொருளாக, இருக்கிற இரிடியம்-192-இன் வலு சுமார் 74 நாளில் பாதியாகிவிடும். ஒரே தடிமன் வெல்டிங்கை ஒரே தூரத்தில், ஒரே ஃபிலிமில் எடுத்தால், ஆரம்பத்தில் 3 நிமிடம் ஆனது இரண்டரை மாதத்தில் 6 நிமிடம் கேட்கும். அவசரத்தில் நிரப்புகிறவர் எல்லா வரியிலும் 3 நிமிடம் என்றே எழுதி வைப்பார், அதுவும் ஒரே பேனாவில். ஆய்வுக்கு வருகிறவர் சோர்ஸின் தேதியைப் பார்த்தாலே போதும்.

விட்டுப்போனதை அப்படியே விட்டு, இன்றைய தேதியில் காரணத்தை எழுதி, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், கதிர்வீச்சின் அளவைக் காட்டும் சர்வே மீட்டரை இப்போதே ஆன் செய்து பாருங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் உறையைத் திறந்தால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது! காலிபரேஷன் சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருந்தது. ஒவ்வொருவரும் வாங்கிய கதிர்வீச்சை (டோஸ்) அளக்க உடம்பில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ்களையும் எண்ணிவிடுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் என்ற டோஸ் வரம்பைச் சரிபார்க்க அதுதான் ஆதாரம். பேட்ஜை சோர்ஸ் அறைக்குள்ளேயே தொங்கவிட்டால், ஆள் வாங்காத டோஸ் எல்லாம் அவர் பெயரில் ஏறும்.

முதலாளி வற்புறுத்தினால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்.