கரண்ட், கீமோ, செல் சிகிச்சை: நீங்கள் கேட்டவை, நான் சொல்லக்கூடியவை

புற்றுநோய்க்கு வந்திருக்கும் புதிய சிகிச்சைகள் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. எல்லோருக்கும் இங்கே பதில் எழுத முடியவில்லை. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டேன். புற்றுநோய் அல்லாத இரண்டு கேள்விகளும் கடைசியில் இருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மறக்காதீர்கள். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் பேசிய பிறகுதான்.

தேனி: அப்பாவுக்கு வாய்ப்புற்று. ஆபரேஷன், கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) எல்லாம் முடிந்து எட்டே மாதத்தில் கழுத்தில் திரும்பிவிட்டது. இம்யூனோதெரபி ஊசிக்கு மாதம் லட்சக்கணக்கில் ஆகும் என்றார்கள். இன்னொரு டாக்டர் 20 மில்லிகிராம் மட்டும் போடலாம் என்கிறார். நெட்டில் 240 என்று போட்டிருக்கிறது. காசில்லாதவர்கள் என்று எங்களுக்குப் பேருக்கு ஒரு ஊசி போடுகிறார்களா?

இல்லை அம்மா. அந்த டாக்டர் உங்கள் அப்பாவுக்காக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

நிவோலுமாப் என்ற அந்த மருந்து புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நம் உடம்பைக் காவல் காக்கும் டி செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ கண்டுபிடித்தது. அதற்காக 2018இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்த்து அவருக்கு நோபல் கொடுத்தார்கள். கட்டி அந்த பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறது. மருந்து போய் பிரேக்கின் மேல் மூடிபோல உட்கார்ந்துகொண்டால் கட்டியால் மிதிக்க முடியாது. எல்லா பிரேக்கும் மூடியபின் மேலும் மருந்தை ஊற்றி என்ன ஆகப்போகிறது? உடல் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் போட்டாலே பெரும்பாலான பிரேக்குகள் வாரக்கணக்கில் மூடியிருக்கின்றன என்று ஆரம்பகால ஆய்வுகளிலேயே தெரிந்தது. 60 கிலோ மனிதருக்குக் கணக்குப் போடுங்கள்: 18 மில்லிகிராம்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்தார்கள். தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேர். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோடினிப் என்று மூன்று மாத்திரைகள். பாதிப் பேருக்குக் கூடவே மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். ஒரு வருடம் கழித்து, மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 100க்கு 16 பேர் உயிரோடு இருந்தார்கள். ஊசியும் போட்டவர்களில் 43 பேர். 2022இல் முடிவு வெளியானது. நம் நாட்டில் இந்த ஊசி தேவைப்படுகிற நூறு பேரில் மூன்று பேருக்குக்கூட முழு டோஸ் எட்டாத நிலையில் வந்த ஆய்வு அது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. முந்தைய ஆண்டுகளில் "வசதிப்படாது டாக்டர்" என்று எழுந்து போனவர்களின் முகங்கள்தான் வந்துகொண்டே இருந்தன.

இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு 20ஐயும் 240ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. நோய் அடியோடு போய்விடும் என்பதும் இல்லை: சராசரி ஆயுள் ஏழு மாதத்திலிருந்து பத்து மாதமாக நீண்டது, சிலருக்கு அதைவிட நன்றாக நீண்டது. ஊசி நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குப்பியில் 40 மில்லிகிராம் இருக்கும். இரண்டு பேரை ஒரே நாளில் வரச்சொல்லிப் பகிர்ந்து போடுவார்கள், அன்று போகாவிட்டால் செலவு இரட்டிப்பாகும். டோஸ் சிறியது என்றாலும் நிற்காத வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சு வாங்குதல், தாங்கமுடியாத சோர்வு வந்தால் அன்றே சொல்லுங்கள். பிரேக் விட்டுப்போன டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தைராய்டையும்கூடத் தாக்கலாம்.

நாமக்கல்: அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். பக்கத்துவீட்டு அக்காவுக்கு 25 நாள் கரண்ட் வைத்தார்கள், அம்மாவுக்கு 5 நாள் போதும் என்கிறார்கள். மெஷினில் கூட்டம் அதிகம் என்று குறைக்கிறார்களோ?

கூட்டம் அதிகம்தான், ஆனால் காரணம் அது இல்லை. பழைய கணக்கு நாளொன்றுக்கு 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 நாளில் 50 கிரே. பிறகு பிரிட்டனில் 15 நாளில் 40 கிரே போதும் என்று நிரூபித்தார்கள். அடுத்து ஃபாஸ்ட்-ஃபார்வர்டு என்ற ஆய்வில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 5 நாளில் 26 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் அதே மார்பில் நோய் திரும்பியது 15 நாள் குழுவில் 100க்கு 2.1 பேருக்கு, 5 நாள் குழுவில் 1.4 பேருக்கு. 2020இல் வந்தது.

"50 எங்கே, 26 எங்கே, பாதிதானே?" என்று கேட்பீர்கள். ஒரே நாளில் விழும் அளவு கூடக்கூட, ஒவ்வொரு கிரேயும் செல்லைத் தாக்கும் வலு கூடுகிறது. மொத்தத்தைக் கூட்டி ஒப்பிட்டால் தப்பாகத்தான் தெரியும். இது எவ்வளவு நுணுக்கமான கணக்கு தெரியுமா? அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்கு 27 கிரே கொடுத்தார்கள். ஒரே ஒரு கிரேதான் கூடுதல். அவர்களுக்கு மார்பு இறுகுவதும் சுருங்குவதும் கூடுதலாக இருந்தது. அதனால்தான் 26.

அக்குளில் நெறிகட்டிக்கும் கரண்ட் வைக்க வேண்டியவர்கள், மார்பை மறுசீரமைத்தவர்களுக்கு நாள் கூடலாம். பக்கத்துவீட்டு அக்காவுக்கு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. ஐந்து வாரம் ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய்விரித்துப் படுத்துக் கரண்ட் வைத்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா திங்கள்கிழமை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவார். சந்தோஷமாகக் கூட்டிப் போங்கள்.

யாழ்ப்பாணம்: அக்காவுக்கு ஹெர்-2 வகை மார்பகப் புற்று. டிராஸ்டுசுமாப் ஊசி ஒரு வருசம் போட வேணும் எண்டு சொன்னவை. மருந்துத் தட்டுப்பாட்டிலை ஆறு மாசத்தோடை நிண்டு போச்சு. எல்லாம் வீணாப் போச்சோ?

வீணாகவில்லை. இதையும் பிரிட்டனில் 4,000க்கு மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். பெர்செபோன் என்று பெயர், 2019இல் வெளியானது. நான்கு வருடம் கழித்து நோயின்றி இருந்தவர்கள், 12 மாதம் போட்டவர்களில் 89.8 சதவீதம், 6 மாதம் போட்டவர்களில் 89.4. பிரான்சில் நடந்த ஆய்வு இதே அளவுக்கு உறுதி தரவில்லை. ஆகவே இன்றும் ஒரு வருடம்தான் வழக்கம். மருந்து மறுபடி கிடைத்தால் தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கிடைத்த ஆறு மாதமே பெரும் காப்பு. அக்காவிடம் இன்றைக்கே சொல்லுங்கள், அவர் பயந்துகொண்டிருப்பார்.

கோயம்புத்தூர்: மாமாவுக்கு லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), இரண்டு முறை கீமோ கொடுத்தும் திரும்பிவிட்டது. சித்தப்பாவுக்கு இரைப்பையில் புற்று. கார்-டி சிகிச்சை இருவருக்கும் கொடுக்கலாமா? எவ்வளவு ஆகும்?

மாமாவுக்குக் கேட்டுப் பார்க்கலாம். சித்தப்பாவுக்கு இப்போதைக்கு இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் அதிகம் குழப்பப்படும் சிகிச்சை இதுதான்.

நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல்களைப் பிரித்து எடுப்பார்கள். லேபில், நோய் பரப்ப முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸை வாகனமாக வைத்து, அவற்றுக்குள் ஒரு புதிய மரபணுவை ஏற்றுவார்கள். அதன் பிறகு அந்த செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். பி செல் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை, பல லிம்ஃபோமாக்கள் அதிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கொக்கி பி செல்களின் மேலுள்ள சிடி-19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும். செல்களைப் பெருக்கி, சில வாரம் கழித்து சாதாரண டிரிப் போல ஏற்றிவிடுவார்கள். உடம்புக்குள் போய் அவை மேலும் பெருகும். தானே பெருகுகிற மருந்து என்பதுதான் அதன் பலமும் ஆபத்தும்.

2012இல் ஃபிலடெல்ஃபியாவில் எமிலி ஒயிட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தார்கள். ரத்தப் புற்றுக்கு இதைப் பெற்ற முதல் குழந்தை அவள். கடும் காய்ச்சல், வென்டிலேட்டர், பிழைப்பாளா என்ற நிலை. ரத்தத்தைச் சோதித்தபோது ஐஎல்-6 என்ற அழற்சிப் பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மூட்டுவாதத்துக்கு இருந்த டோசிலிசுமாப் அதை அடக்கும் என்று யோசித்துக் கொடுத்தார்கள். மீண்டுவிட்டாள். கார்-டி கொடுக்கும்போது அந்த ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளும் வழக்கம் அப்படி வந்ததுதான்.

அமெரிக்காவில் 2017இல் அனுமதி கிடைத்தபோது விலை 4,75,000 டாலர். நம் நாட்டில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் ராகுல் புர்வார் குழுவும் டாடா நினைவு மையமும் சேர்ந்து நெக்ஸ்கார்-19ஐ உருவாக்கின. 2023 அக்டோபரில் அனுமதி வந்தது. விலை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. இங்கே நடந்த ஆய்வில் மதிப்பிட முடிந்தவர்களில் 100க்கு 73 பேருக்குப் பலன் தெரிந்தது. எல்லோருக்கும் அந்தப் பலன் நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்தில் ஒரு பங்கு என்றாலும் வீடு விற்கிற தொகைதான். அதனால் மாமா விஷயத்தில் முதலில் கேட்க வேண்டியது: பயாப்சி அறிக்கையில் பி செல் லிம்ஃபோமா, சிடி-19 பாசிட்டிவ் என்று இருக்கிறதா? அவர் உடம்பு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தாங்குமா? அதுவே பொருந்துமானால் செலவு குறைவு, அனுபவமும் பல பத்தாண்டுகளுக்கு இருக்கிறது. செல்களை எடுத்து மாற்றி வரும் வாரங்களில் நோயை அடக்கி வைக்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

சித்தப்பா விஷயம் வேறு. ரத்தத்தில் மிதக்கும் புற்றைப் பிடிப்பதும் இறுகிய கட்டிக்குள் நுழைவதும் ஒன்றல்ல. சீனாவில் க்ளாடின்-18.2 என்ற அடையாளத்தைக் குறிவைத்து இரைப்பைப் புற்றுக்குச் செய்த கார்-டி ஆய்வு 2025இல் வெளியானது. நோய் வளராமல் நின்ற காலம் 1.8 மாதத்திலிருந்து 3.3 மாதம் ஆனது. விஞ்ஞானத்துக்குப் பெரிய படி. உங்கள் குடும்பம் கடன் வாங்கும் அளவுக்கு அல்ல.

மதுரை: அப்பாவுக்கு 71 வயது, புராஸ்டேட் புற்று, பரவவில்லை. சென்னையில் புரோட்டான் வைத்தால் பக்கவிளைவே இருக்காது என்கிறார்கள். நிலத்தை விற்கலாமா?

விற்காதீர்கள், தம்பி. புரோட்டான் அற்புதமான கருவி. எக்ஸ்-ரே கதிர் கட்டியைத் தாண்டியும் போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். மூளையில், முதுகுத்தண்டில் கட்டி வந்த குழந்தைக்கு அந்த வித்தியாசம் வாழ்நாள் முழுக்கத் தெரியும். இதயம், குடல், வளரும் எலும்பு எல்லாம் தப்பிக்கும். சென்னையில் 2019இல் தொடங்கியபோது, தெற்காசியாவில் முதல் மையம் அது. உங்கள் கேள்வி ஒரு குழந்தையைப் பற்றியதாக இருந்தால் எப்படியாவது பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

புராஸ்டேட்டுக்கோ, அமெரிக்காவில் புரோட்டானையும் ஐ.எம்.ஆர்.டி. என்ற நவீன எக்ஸ்-ரே கரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு 2024இல் முடிவு சொன்னது: குடல், சிறுநீர், தாம்பத்தியம் எதிலும் வித்தியாசம் இல்லை. ஐ.எம்.ஆர்.டி. வசதி இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று சேரும்முன் விசாரியுங்கள்.

சிங்கப்பூர்: லுடீஷியம் ஊசி என்கிறார்களே, அது கீமோவா கரண்டா?

கரண்ட்தான், உடம்புக்குள்ளிருந்து. புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேலுள்ள பி.எஸ்.எம்.ஏ. என்ற அடையாளத்தைத் தேடிப் போகும் மூலக்கூறில், கதிர்வீசும் லுடீஷியம்-177ஐக் கட்டி அனுப்புகிறார்கள். அது ஒட்டும் இடத்தைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் எரிக்கும். பரவிய புராஸ்டேட் புற்றில் மற்ற மருந்துகள் கைவிட்டபின் சராசரி ஆயுளை 11.3லிருந்து 15.3 மாதமாக நீட்டியது. முதலில் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர வேண்டும். ஒளிராவிட்டால் ஊசி வீண். வாய் உலர்வது பெரிய தொந்தரவு.

திருவண்ணாமலை: சி.எம்.எல். ரத்தப் புற்றுக்கு ஒன்பது வருடமாக இமாடினிப் 400 சாப்பிடுகிறேன். எல்லாம் நார்மல். நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்கத் தகுந்த கேள்வி. ரத்தத்தில் மிச்சமிருக்கும் நோயை அளக்கும் பி.சி.ஆர். பரிசோதனையில் பல வருடம் தொடர்ந்து ஆழமாக அடங்கியிருப்பவர்கள் கண்காணிப்போடு நிறுத்திப் பார்த்ததில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் அடங்கிவிட்டது. நிறுத்தினால் ஆரம்பத்தில் மாதாமாதம் பி.சி.ஆர். எடுக்க வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து அதற்குப் போய்வர முடியுமா, செலவு கட்டுமா என்று யோசித்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மருந்துக்கான காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. அசல் மருந்து மாதம் லட்சத்துக்கு மேல் இருந்தபோது இந்தியத் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. நீங்கள் ஒன்பது வருடம் விடாமல் சாப்பிட முடிந்ததில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

சேலம்: மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி மூன்று முறை போட்டால் பேசிவிடுவான் என்கிறார்கள். நான்கு லட்சம்.

வேண்டாம். ரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல். ஆய்வு என்றால் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. இப்படி ஒரு கிளினிக்கில் பணத்தைக் கொட்டிவிட்டு வந்த ஒரு தாய், அதற்காக மகனின் ஸ்பீச் தெரபியை ஒரு வருடம் நிறுத்தியிருந்தார். பணத்தைவிட அந்த ஒரு வருடம்தான் எனக்கு வலித்தது. அந்த நான்கு லட்சத்தைத் தெரபிக்கு வையுங்கள்.

விழுப்புரம்: பையனுக்கு 12 வயது, ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் சரியாக உறையாத நோய்), கடுமையானது. வேலூரில் குணப்படுத்திவிட்டார்களாமே?

செய்தி உண்மை. வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு ரத்தத்தை உண்டாக்கும் அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து, ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 என்ற புரதத்தைத் தயாரிக்கும் மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பிறகு, கண்காணித்த காலம் வரை ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் வெளியானது. ஹீமோஃபிலியா குடும்பங்களோடு பழகியவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

ஆனால் அது இன்னும் ஆய்வு. ஐவரும் பெரியவர்கள். மரபணு ஏற்றிய செல்களுக்கு இடம் விட, மஜ்ஜையைக் கீமோவால் காலிசெய்ய வேண்டியிருக்கிறது. 12 வயதுப் பையனுக்கு இப்போது அவசரம் அதுவல்ல. அரசு மருத்துவமனையில் ஃபேக்டர் இலவசம். ரத்தம் கசிந்தபின் ஓடாமல், முன்கூட்டியே முறையாகப் போட ஏற்பாடு கேளுங்கள். முட்டியில் வீக்கம் வந்தால் ஐஸ் வைத்து அன்றைக்கே போங்கள், மறுநாள் வேண்டாம். பிசியோதெரபியை விடாதீர்கள். நாளை அந்தச் சிகிச்சை அவனுக்கு வந்து சேரும்போது மூட்டுகள் நன்றாக இருக்க வேண்டும்.