இன்டெலிஜென்ஸை 1-இல் வைத்தால் ஆட்டம் ஓடுமா?

ரோல்-பிளேயிங் ஆட்டங்களில், அதாவது ஒரு கேரக்டராக மாறிக் கதைக்குள் புகுந்து ஆடும் வீடியோ கேம்களில், கேரக்டர் உருவாக்குவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அறிவு குறைந்த கேரக்டராக ஆடலாமா, அதில் என்ன இருக்கிறது, அது சரியா? இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

அக்கா, ஃபால்அவுட் 2 முதல் தடவையாக ஆடப் போகிறேன். இன்டெலிஜென்ஸை 1-இல் வைத்துத் தொடங்க ஆசை. ஹாஸ்டல் நண்பர்கள் "பாதி ஆட்டம் போயிடும், வேஸ்ட்" என்கிறார்கள். கடைசிவரை முடிக்க முடியுமா?
— கல்லூரி மாணவர், ஜாலஹள்ளி

தாராளமாக முடிக்கலாம், தம்பி. நண்பர்கள் சொல்வதும் பொய்யில்லை. பல வேலைகள் உங்களைத் தேடி வராது, பலர் இரண்டு வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். முதல் தடவை ஆடுகிறீர்கள் என்றால் சாதாரண கேரக்டரோடு ஒருமுறை ஊரைச் சுற்றிவிட்டு, இரண்டாவது ஆட்டத்தை இப்படி ஆடுங்கள். எதை இழக்கிறோம் என்று தெரிந்தால்தான் இந்த ஆட்டத்தின் ருசி தெரியும்.

கணக்கைப் பார்ப்போம். கேரக்டருக்கு இன்டெலிஜென்ஸ் (அறிவு), அஜிலிட்டி (சுறுசுறுப்பு) என்று ஏழு குணங்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 10 வரை. எல்லாம் 5-இல் தொடங்கும், மேலே பிரித்துப் போட 5 பாயின்ட் தருவார்கள். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் திறமைகளை வளர்க்கக் கிடைக்கும் ஸ்கில் பாயின்ட், 5-உடன் இன்டெலிஜென்ஸின் இரண்டு மடங்கு. ஆக 10 வைத்தவருக்கு 25, 1 வைத்தவருக்கு வெறும் 7. அதனால் நாலைந்து ஸ்கில்லில் கை வைக்காதீர்கள், ஒன்றிரண்டோடு நின்றுவிடுங்கள். மிச்சமாகும் பாயின்டை அஜிலிட்டியில் போடுங்கள். அது 10 ஆனால் சண்டையில் ஒரு சுற்றுக்கு 10 ஆக்‌ஷன் பாயின்ட் கிடைக்கும். தொடக்கத்தில் தேர்ந்தெடுக்கும் சிறப்பியல்புகளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் 'கிஃப்டட்' இந்த ஆட்டத்துக்கு வேண்டாம். அது எல்லாக் குணத்தையும் ஒன்று ஏற்றிவிட்டு, லெவலுக்கு 5 ஸ்கில் பாயின்டைப் பிடுங்கிக்கொள்ளும். உங்களிடம் பிடுங்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. 1-க்குப் பதில் 2 வையுங்கள். 4-க்குக் கீழே போனால்தான் பேச்சு உடையும், அதாவது கேரக்டர் அரைகுறை வார்த்தையில் பேசும்; 2 வைத்தாலும் முழு அனுபவம் கிடைக்கும். ஆட்டத்தில் மென்டாட்ஸ் என்று ஒரு மாத்திரை உண்டு. அது கொஞ்ச நேரத்துக்கு இன்டெலிஜென்ஸை 2 ஏற்றும். 2-இல் இருப்பவர் ஒன்றைப் போட்டால் 4-க்கு வந்துவிடுவார், திடீரென்று முழு வாக்கியமாகப் பேசுவார். மாத்திரையின் வேகம் இறங்கியதும் பேச்சும் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரிடம் ஓடிப் போய் என்ன பேசுவது என்று நீங்கள் திட்டம் போடுவீர்கள் பாருங்கள், அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அடிமையாக்கும் மாத்திரை, அளவோடு போடுங்கள்.

இதையெல்லாம் தாண்டி, இந்த ஆட்டத்தை நான் சிபாரிசு செய்வது ஒரே ஒரு ஆளுக்காக. ஆரம்பத்திலேயே கிளமத் என்ற ஊர் வரும். அங்கே டோர் என்று ஒரு மாட்டுக்காரன் இருக்கிறான், இரண்டு தலை மாடுகளை மேய்ப்பவன். சாதாரண கேரக்டரோடு போனால் அவன் தடுமாறித் தடுமாறி, பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுவான். பாவம் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அறிவு குறைந்த கேரக்டரோடு போய் அவனிடம் பேசுங்கள். இருவரும் படித்த கனவான்கள் மாதிரி, நீளமான, நேர்த்தியான வாக்கியங்களில் பேசிக்கொள்வார்கள். ஊர் காதுக்கு உளறலாகக் கேட்பது அவர்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்கிறது. 1998-இல் வந்த ஆட்டம். பலர் இதைச் சிரிப்புக் காட்சி என்று சொல்கிறார்கள். எனக்கு முதல் தடவை சிரிப்பு வரவில்லை, அம்மா நினைவு வந்தது.

அம்மா கல்யாணமாகி வாணியம்பாடியிலிருந்து பசவனகுடிக்கு வந்தவர். வந்த புதிதில் கன்னடத்தில் அவருக்குத் தெரிந்தது "எஷ்டு", "பேடா", இன்னும் நாலைந்து வார்த்தை. கடையில் இதை வைத்துச் சமாளித்துவிடுவார். ஒரு வங்கிக் கவுன்டரில் மட்டும் அது நடக்கவில்லை. அம்மா சொன்ன இரண்டு வார்த்தையைக் கேட்டுவிட்டு, அங்கிருந்தவர் குரலை உயர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் பேச ஆரம்பித்தார். அப்புறம் அம்மாவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையோடு பக்கத்தில் நின்ற என்னிடம் விளக்கினார். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் சீட்டுக் கணக்கை நோட்டு இல்லாமல் மனதிலேயே வைத்திருந்தவர் என் அம்மா. தள்ளு போக யாருக்கு எவ்வளவு வரும் என்று அடுப்படியில் நின்றபடியே சொல்வார். அன்றைக்கு அந்தக் கவுன்டரில் அவருக்கு இன்டெலிஜென்ஸ் 2 என்று எழுதிவிட்டார்கள்.

வாயிலிருந்து நாலு வார்த்தைதான் வருகிறது என்றால், உள்ளேயும் நாலு வார்த்தைதான் இருக்கிறது என்று எதிரே இருப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். டோர் வரும் காட்சி அந்த முடிவை உடைக்கிறது. இந்த வகை ஆட்டத்தில் நான் தேடுவது இதைத்தான்.

புது ஆட்டங்களில் இப்படி எது உண்டு? பால்டர்ஸ் கேட் 3-இல் இன்டெலிஜென்ஸை 8-ஆகக் குறைத்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
— ஐ.டி. ஊழியர், மாரத்தஹள்ளி

தெரியாது. அதில் கேரக்டர் உருவாக்கும்போது 8-க்குக் கீழே போகவே விட மாட்டார்கள். 8 என்றால் இருபது பக்கப் பகடையில் வரும் எண்ணிலிருந்து 1 கழியும், அவ்வளவுதான். பேச்சு உடையாது. ஆனால் அதே ஆட்டத்தில் லம்ப் என்ற ராட்சதனைப் பார்த்தீர்களா? முதல் பாகத்தில், பாழடைந்த கிராமத்தில் இருப்பான். பண்டிதன் மாதிரி பேசுவான். காரணம் அவன் தலையில் இருக்கும் பட்டை, அணிந்தவரின் இன்டெலிஜென்ஸை 17-ஆக்குவது. அதை எடுத்து உங்கள் கேரக்டர் தலையில் மாட்டலாம்.

அசல் சரக்கு வேண்டுமென்றால் 2001-இல் வந்த ஆர்கேனம். ஃபால்அவுட்டை உருவாக்கிய டிம் கெய்னும் லியனார்ட் பாயார்ஸ்கியும் ட்ராய்க்கா கேம்ஸ் தொடங்கிச் செய்தது. அதில் பேச்சு மட்டுமல்ல, உங்கள் கேரக்டரின் நாட்குறிப்பே உடைந்த மொழியில் எழுதப்படும். எங்கே போக வேண்டும் என்று பார்க்க நாட்குறிப்பைத் திறந்தால், அதை எழுதியதும் அதே ஆள்! அதே இருவர் பின்னால் ஆப்சிடியன் என்ற கம்பெனியில் சேர்ந்து இயக்கியது 2019-இன் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ். இன்டெலிஜென்ஸை சராசரிக்குக் கீழே வைத்தால் அதில் தனியாகப் பேச்சுகள் திறக்கும். கடைசியில் ஒரு பெரிய விண்கப்பலை நீங்களே ஓட்டுகிறேன் என்று சொல்ல முடியும். அது எங்கே போய் முடியும் என்று சொல்ல மாட்டேன், சேவ் செய்துவிட்டுப் போங்கள்.

ஃபால்அவுட் 4 வேறு ரகம். அங்கே 'இடியட் சாவன்ட்' என்ற பெர்க்கை (கேரக்டருக்குக் கிடைக்கும் சிறப்புத் திறனை) எடுத்தால் திடீர் திடீரென்று எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் மூன்று மடங்காகக் கொட்டும், அறிவு குறையக் குறைய அடிக்கடி. கணக்குக்கு நல்லது. ஆனால் ஊரில் ஒருவர்கூட உங்களை வேறு மாதிரி நடத்த மாட்டார் என்பதால் எனக்கு அதில் ஈர்ப்பு இல்லை.

என் தம்பிக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு, எங்களோடுதான் இருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் என் மகன் நீங்கள் சொல்லும் வகை ஆட்டம் ஒன்றை ஆடிவிட்டு, சாப்பிடும்போதும் அந்தக் கேரக்டர் மாதிரி நாக்கு குழறிப் பேசிக் காட்டுகிறான். தம்பியும் சேர்ந்து சிரிக்கிறார். எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. இதெல்லாம் ஒரு விளையாட்டா?
— தாயார் ஒருவர், அல்சூர்

அக்கா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் வருத்தம் நியாயமானது. இந்த ஆட்டங்களில் இருக்கும் இப்படிப்பட்ட பேச்சில் பெரும்பங்கு சிரிக்க வைக்கவே எழுதப்பட்டது. அதில் எனக்குப் பிடிக்காதவை நிறைய. உங்கள் தம்பியைப் போன்றவர்களோடு பழகியவர் யாரும் "நான் அடி, நீ சாவு" என்று ஒரு கேரக்டரைப் பேச வைக்க மாட்டார். அவர்கள் அப்படிப் பேசுவதில்லை. அவர்களுக்கென்று பிடித்தது, பிடிக்காதது, கோபம், பிடிவாதம் எல்லாம் இருக்கிறது. ஆட்டத்தில் அது எதுவும் இல்லை, குழறல் மட்டும் இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் பேசிக் காட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், "மாமா இருக்கும் வீட்டில் இது வேண்டாம்" என்றால் போதும், பதினேழு வயதுப் பையனுக்குப் புரியும். தம்பி சிரிக்கிறார் என்பதை ஒரு காரணமாக அவன் சொன்னால் ஏற்காதீர்கள். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் தனியாக இருக்க யாருக்கும் பிடிக்காது.

ஆட்டத்தையே பிடுங்க வேண்டாம். மேலே எழுதிய டோர் வரும் இடத்தை அவன் இரண்டு வகையாகவும் ஆடிப் பார்க்கட்டும். அந்த ஊரில் யார் பொறுமையாகப் பேசுகிறார்கள், யார் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், மாமாவும் மருமகனும் சேர்ந்து ஆட ஒன்று இருக்கிறது: அன்டைட்டில்ட் கூஸ் கேம். ஒரு வாத்து கிராமத்தில் குறும்பு செய்யும், அவ்வளவுதான் கதை. 2020-இலிருந்து இருவர் சேர்ந்து ஆடலாம். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், முதன்மை ஆட்டத்தில் காலக்கெடுவும் கிடையாது. கத்துவதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. கன்ட்ரோலரை முதலில் தம்பி கையில் கொடுங்கள். அவருக்குப் பிடித்ததா என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு ரோல்-பிளேயிங் ஆட்டம் செய்கிறோம், தமிழில். அறிவு குறைந்த கேரக்டருக்குத் தனிப் பேச்சு எழுத வேண்டுமா? வேலை இரட்டிப்பாகிறதே.
— மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

இரட்டிப்புதான். டயலாக் சோதிப்பதே என் பிழைப்பு, அதனால் உங்கள் வலி தெரியும். ஒரு உரையாடலை இரண்டாகப் பிரித்தால் இரண்டையும் எழுதி, குரல் கொடுத்து, ஒவ்வொரு கிளையும் எங்கே போய் முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். குரல் நடிப்பு வந்த பிறகு பெரிய கம்பெனிகளே இதிலிருந்து நழுவுகின்றன.

எல்லோருக்கும் எழுதாதீர்கள். ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஹீரோவின் வசனத்தைவிட எதிராளியின் பதிலில் உழைப்பைப் போடுங்கள். ஒருவர் குரலை உயர்த்தட்டும், ஒருவர் விலையைக் கூட்டிச் சொல்லட்டும், ஒருவர் அவசரப்படாமல் காத்திருக்கட்டும். ஹீரோவுக்கு மனதுக்குள் ஓடும் வரி ஒன்றை, முழு வாக்கியமாக, வாயிலிருந்து வரும் வரிக்கு மேலே காட்ட முடியுமா என்று பாருங்கள். எழுத்து மட்டும்தான் என்பதால் குரல் செலவு இல்லை. முதல் ஐந்து உரையாடல் தயாரானதும் இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். நானே ஆடிப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்புகிறேன்.