ஊதா இலையும் வேருக்குப் போகும் சீட்டும்

அன்புள்ள ஐயா,

'செடியின் பசி' என்று நீங்கள் எழுதியிருந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். எங்கள் தோட்டம் பாலக்கோட்டுப் பக்கம், செம்மண். மார்கழியில் நட்ட தக்காளி நாற்றில் இலையின் அடிப்பக்கம் ஊதாவாகிவிட்டது. மணிச்சத்துக் குறைவு, இன்னொரு மூட்டை டிஏபி போடுங்கள் என்கிறார் உரக்கடைக்காரர். மண் பரிசோதனை அட்டையிலோ மணிச்சத்து 'அதிகம்' என்று இருக்கிறது. மண்ணில் இருப்பது செடிக்குத் தெரியாதா? பசி என்பதெல்லாம் எழுத்துக்காகச் சொல்வதுதானே?

மா., பாலக்கோடு

அன்புள்ள மா.,

அப்பா சிரிக்கட்டும், அந்தச் சொல்லை நான் மாற்றப்போவதில்லை. அரிசி டின் நிறைந்திருக்கிறது என்பதற்காக நமக்குப் பசிக்காமல் இருக்கிறதா? செடியும் பெரும்பாலும் தன் வயிற்றைத்தான் பார்க்கிறது.

செல்லுக்குள் பிஎச்ஆர்1 என்று ஒரு புரதம் உண்டு. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துப் பூண்டில் 2001-இல் கண்டுபிடித்தார்கள். பாஸ்பேட், அதாவது செடி உறிஞ்சுகிற வடிவிலான மணிச்சத்து, அதைத் தேடுவதற்கான ஜீன்களை முடுக்கிவிடுவது இதன் வேலை. வயிறு நிறைந்திருக்கும்போது எஸ்பிஎக்ஸ் புரதங்கள் இதைப் பிடித்து உட்கார வைத்திருக்கும். அந்தப் பிடி நிற்க ஒரு பசை வேண்டும். ஐஎன்எஸ்பி8 என்ற மூலக்கூறுதான் அது. எட்டு பாஸ்பேட் கோத்தது. உள்ளே பாஸ்பேட் குறைந்தால் பசையும் குறையும், பிடி தளரும், பிஎச்ஆர்1 எழுந்து வேலைக்குப் போகும். பாஸ்பேட்டை அளக்கிற படியையே பாஸ்பேட்டால் செய்து வைத்திருக்கிறது பாருங்கள்.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். பசி இலையில், வாய் வேரில். இலை என்ன செய்யும்? மைக்ரோ ஆர்என்ஏ 399 என்று, 21 எழுத்தே உள்ள ஒரு சீட்டை எழுதி, சர்க்கரை இறங்குகிற புளோயம் வழியாகவே வேருக்கு அனுப்பும். வேரில் பிஎச்ஓ2 என்று ஒரு காவல்காரர். பாஸ்பேட்டை மேலே ஏற்றிவிடும் புரதங்களை ஒழித்துக்கொண்டே இருப்பவர். சீட்டு வந்தால் அவரை உண்டாக்கும் ஆர்என்ஏ வெட்டுப்படும். ஏற்றும் புரதங்கள் பிழைத்துக்கொள்ளும். இப்படி ஒரு காவல்காரர் எதற்கு என்று கேட்கலாம். பிஎச்ஓ2 பழுதான செடியில் இலைகள் கண்டபடி பாஸ்பேட்டைச் சேர்த்து நுனி கருகுகின்றன. செடிக்கும் அஜீரணம் உண்டு. இது போதாதென்று, அதே பசி நேரத்தில் ஐபிஎஸ்1 என்ற போலி ஆர்என்ஏவும் உருவாகி, வருகிற சீட்டில் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓடச் சொல்லிவிட்டு இடுப்புக் கயிற்றையும் பிடித்திருக்கிற அம்மா மாதிரி.

சரி, உங்கள் தோட்டத்துக்கு வருவோம். செம்மண்ணில் இரும்பு, அலுமினியம் ஆக்சைடுகள் பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடிபடாமல் மிஞ்சுவதும் மண்ணில் நகராது. வேர்தான் தேடிப் போக வேண்டும். மார்கழிக் குளிரில் சின்ன நாற்றின் வேர் எங்கே போகும்? அட்டையில் 'அதிகம்', இலையில் பட்டினி, இரண்டும் பொய்யில்லை. குளிர் மட்டுமே கூட ஊதாவை வரவழைக்கும். கிருஷ்ணகிரியில் என் மாடித் தொட்டித் தக்காளி வருஷாவருஷம் இப்படித்தான், தை பாதியில் தெளிந்துவிடும்.

இன்னொரு மூட்டையை நான் போட மாட்டேன். மணிச்சத்தைக் கொண்டுவந்து தரும் வேர் உட்பூசணத்தை நிறைந்த வயிறு உள்ளே விடாது. நெல்லில் அந்தக் கதவைப் பிடித்திருப்பதும் இதே எஸ்பிஎக்ஸ்தான். பழைய இலையின் ஊதாவை விடுங்கள். வெயில் ஏறியதும் நுனியில் புதிதாக விடும் இலை என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள், டிஏபியை அப்புறம் யோசிக்கலாம்.