போலிக் குளவிகள் – கடிதம்

வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். சென்ற ஆண்டு லெஸ்டரில் தோட்டமுள்ள ஒரு வீட்டுக்குக் குடிவந்தோம். இப்போது பள்ளி விடுமுறை, ஏழு வயது மகள் நாள் முழுக்கத் தோட்டத்தில்தான் இருக்கிறாள். ‘அம்மா, இது என்ன?’ என்று அவள் கேட்டால் ஈ, தேனீ, குளவி, வண்ணத்துப்பூச்சி என்ற நாலு சொல்லுக்கு மேல் என்னிடம் இல்லை. பிரிட்டிஷ் பூச்சிகளைப் பற்றிய பெரிய கையேடு ஒன்று வாங்கினேன். படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதுவும் என் தோட்டத்தில் இருப்பதுபோலவும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இன்னொன்று. தோட்டத்து ஷெட்டின் கூரையில் குளவி கூடு கட்டியிருக்கிறது. மருந்தடிக்க ஆளைக் கூப்பிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கூப்பிடலாமா?

க., லெஸ்டர்

அன்புள்ள க.,

கையேட்டை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். பிரிட்டனில் பூச்சியினங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். முதல் பக்கத்தில் தொடங்கி அவற்றைக் கற்றுக்கொள்ள முடியாது.

நீங்கள் குடியேறியிருக்கும் ஊர் இந்த விஷயத்தில் பேர்போனது. ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் லெஸ்டரின் புறநகரில் தன் வீட்டுத் தோட்டத்தை 1972 முதல் 2001 வரை முப்பது வருடம் இடைவிடாமல் கவனித்துக் குறிப்பெடுத்தார். புல்வெளி, பூச்செடி, காய்கறிப் பாத்தி என்று எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோன்ற தோட்டம்தான். அங்கே அவர் பதிவு செய்த தாவரங்களும் விலங்குகளும் மொத்தம் 2,673 இனங்கள், அதில் பெரும்பகுதி பூச்சிகள். ஹோவர்ஃப்ளை என்ற ஈக்குடும்பத்தில் மட்டும் தொண்ணூறுக்கு மேல். நாடு முழுவதற்குமே அவை சுமார் 280 இனங்கள்தான்.

அந்த ஹோவர்ஃப்ளையிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில். பலரும் வண்ணத்துப்பூச்சியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். அழகானவை, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் ஆறு மாதத்தில் தோட்டத்துக்கு வருவதெல்லாம் தெரிந்துவிடும், மற்ற பூச்சிகளைப் பார்க்கும் கண் மட்டும் வந்திருக்காது. ஹோவர்ஃப்ளைகளில் பல குளவிபோலவும் தேனீபோலவும் வேஷம் போடும் போலிகள். போலியைக் கண்டுபிடிக்கப் பழகினால் அசலையும் சேர்த்தே கவனிக்க வேண்டியிருக்கும்.

மஞ்சளும் கறுப்புமாக வரிபோட்ட ஒன்று பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்றால் அது அநேகமாகக் குளவி இல்லை, ஹோவர்ஃப்ளை. அதற்குக் கொடுக்கே கிடையாது. குளவி என்று நினைத்துப் பறவைகள் விலகிப்போவதற்காகத்தான் இந்த வேஷம். தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கை, ஈக்கு இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மைதான், ஆனால் தோட்டத்தில் பெரிதாக உதவாது. தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் நுண்ணிய கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்றாகவே தெரியும். அதனால் முகத்தைப் பாருங்கள். தலையின் பெரும்பகுதி கண்ணாகவும், உணர்கொம்புகள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குட்டையாகவும் இருந்தால் ஈ. உணர்கொம்புகள் நீளமாக இருந்து, இடுப்பும் சிறுத்திருந்தால் குளவி. ஏழு வயதுக் குழந்தைக்கு இது ஒரே நாளில் பிடிபட்டுவிடும். நமக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

உங்கள் தோட்டத்தில் இன்றைக்கே இருக்கக்கூடியது மார்மலேட் ஹோவர்ஃப்ளை. ஆரஞ்சு நிற வயிற்றில் ஒரு தடித்த கறுப்புக் கோடு, பக்கத்திலேயே மீசைபோல மெல்லிய கோடு ஒன்று. விரல்நகம் அளவுதான் இருக்கும், ஆனாலும் கோடையில் ஐரோப்பாவிலிருந்து கடல் தாண்டிக் கூட்டமாக வருவதுண்டு. ரோஜாத் தளிரில் அப்பிக்கிடக்கும் அசுவினியை இதன் புழுக்கள் தின்று தீர்க்கும். அடுத்து ட்ரோன்ஃப்ளை. இது அச்சு அசல் தேனீபோலவே இருக்கும், பின்னங்காலில் மகரந்த மூட்டை மட்டும் இருக்காது. இதன் புழு அழுக்குத் தண்ணீரில் வாலை நீட்டி மூச்சுவிட்டுக்கொண்டு வளரும். தொட்டியில் வைத்த கொத்தமல்லி பூத்துவிட்டால் பிடுங்கிவிடாதீர்கள், அந்தச் சின்ன வெள்ளைப் பூக்களை இவை தேடி வரும்.

இவை பழகியபின் பம்பிள்பீ எனும் உருண்டையான, மயிரடர்ந்த பெரிய தேனீக்களுக்குப் போகலாம். பிரிட்டனில் 24 இனங்கள், தோட்டத்தில் அடிக்கடி பார்ப்பவை ஏழெட்டு. இவற்றுக்குப் பின்பக்க நிறத்தைப் பார்க்க வேண்டும். உடல் முழுக்கக் கறுப்பாக இருந்து பின்பக்கம் செங்கல் சிவப்பாக இருந்தால் ஒன்று, உடல் முழுக்கப் பழுப்பாக இருந்தால் இன்னொன்று. மார்பு செம்பழுப்பு, வயிறு கறுப்பு, பின்பக்கம் வெள்ளை என்றால் மர பம்பிள்பீ. அது பறவைகளுக்கு மாட்டும் மரப்பெட்டியில்கூடக் குடியேறிவிடும். 2001-இல்தான் இந்த நாட்டில் அதை முதலில் பார்த்தார்கள். வெள்ளைப் பின்பக்கம் உள்ள வேறு சில இனங்களின் வேலைக்காரத் தேனீக்களை நிபுணர்களாலும் வெறும் கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாது. அங்கே ‘வெள்ளைவால் பம்பிள்பீ வகை’ என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

செல்போன் செயலிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். படம் எடுத்த உடனே பெயர் சொல்லிவிடும், அடுத்த நிமிடம் நமக்கு மறந்தும்விடும். அதைவிட மகளுக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உண்டு. பிரிட்டனின் மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் கண்காணிப்புத் திட்டத்தில் ‘ஃபிட் கவுன்ட்’ என்று ஒரு கணக்கெடுப்பு. வெயில் நாளில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் இடத்தில் பூத்திருக்கும் ஏதாவது ஒரு செடி முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து வருகிறவற்றை எண்ண வேண்டும். இனத்தின் பெயர் வேண்டாம். பம்பிள்பீ, தேனீ, தனித்தேனீ (கூட்டமாக வாழாத தேனீ), குளவி, ஹோவர்ஃப்ளை, மற்ற ஈ, வண்டு என்று வகை பிரித்தால் போதும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை யாரும் செய்யலாம், உங்கள் கணக்கு விஞ்ஞானிகளுக்கும் பயன்படும்.

செப்டம்பரிலிருந்து வேலியில் ஐவிக் கொடி பூக்கும். அதை வெட்டாமல் விடுங்கள். குளிர்காலத்துக்கு முந்தைய கடைசிப் பந்தி அது. ரெட் அட்மிரல் வண்ணத்துப்பூச்சி, ட்ரோன்ஃப்ளை, குளவி எல்லாம் ஒரே கொடியில் இருக்கும். ஐவி தேனீ என்று ஒன்று இருக்கிறது. அதுவும் 2001-இல் தென் இங்கிலாந்தின் டோர்செட்டில் முதலில் தென்பட்டதுதான், இப்போது வட இங்கிலாந்து வரை போய்விட்டது.

சரி, குளவிக்கூடு. விட்டுவிடலாம் என்பேன். கோடை முழுக்க வேலைக்காரக் குளவிகள் பிடித்துக்கொண்டு போவது உங்கள் செடிகளைத் தின்னும் கம்பளிப்புழுக்களையும் ஈக்களையும்தான், கூட்டில் வளரும் புழுக்களுக்காக. பதிலுக்கு அந்தப் புழுக்கள் ஓர் இனிப்புத் திரவத்தைச் சுரந்து கொடுக்கும். ஆகஸ்ட் கடைசியில் புழுக்கள் குறைந்துவிடும், அந்த இனிப்பும் நின்றுபோகும். அப்புறம்தான் குளவிகள் நம் ஜாமுக்கும் ஜூஸுக்கும் வந்து மொய்க்கின்றன. குளிர் இறங்கியதும் கூடே அழிந்துவிடும், புதிய ராணிகள் மட்டும் வேறெங்காவது ஒளிந்து பிழைக்கும். பழைய கூட்டில் அடுத்த வருடம் யாரும் குடியேறுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. வொலுசெல்லா என்ற பெரிய ஹோவர்ஃப்ளைகளில் சில, குளவிக்கூட்டுக்குள் தைரியமாகப் போய் முட்டையிடும். அவற்றின் புழுக்கள் அங்கே கிடக்கும் கழிவைத் தின்று வளரும். மருந்தடித்தால் அவையும் சேர்ந்து போகும்.

கூடு அழியும்வரை ஷெட்டை அதிகம் திறக்காதீர்கள், மகளைக் கூட்டின் பக்கம் விடாதீர்கள். வீட்டில் யாருக்காவது குளவி கொட்டினால் அலர்ஜி என்றால் மட்டும் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி ஆளைக் கூப்பிடுங்கள்.