பத்துப் பேர் ஏறுகிற ஊரிலும் பஸ் நிற்க வேண்டும்

கேள்வி: கல்லணை – பூம்புகார் மாநில நெடுஞ்சாலை ஊர் ஊராக நுழைந்து போகிறது. கும்பகோணத்தில் ஏறினால் மயிலாடுதுறை வருவதற்குள் பொழுது போய்விடுகிறது. எல்லா ஊர்களுக்கும் புறவழிச்சாலை போட்டு, பஸ்களையும் அதிலேயே விட்டால் என்ன? பத்துப் பேர் ஏறுகிற ஊருக்காக எல்லோரும் காத்திருக்க வேண்டுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வேண்டும். காத்திருக்கத்தான் வேண்டும்.

நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். மணல் லாரிக்குத் திருபுவனம் கடைத்தெருவில் என்ன வேலை? லாரிகளும் வெளியூர்க் கார்களும் ஊருக்கு வெளியே போகட்டும், விபத்தாவது குறையும். ஆனால் பஸ்ஸையும் அவற்றோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று இந்தச் சாலை தொடுகிற ஊர்களைப் பாருங்கள். திருபுவனம் பட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆடுதுறை 43 நெல்லை அறியாத டெல்டா விவசாயி இல்லை. அதைத் தந்த ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து அந்தச் சின்ன ஊரில்தான் இருக்கிறது. காவிரிக் கரையோரம் ஊர்கள் முதலில் இருந்தன. அவற்றை நம்பித்தான் சாலையே வந்தது.

சரி, அந்தப் பத்துப் பேர் யார்? கும்பகோணம் கல்லூரிக்குப் போகிற மாணவி, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண், அரசு மருத்துவமனைக்கு மாத்திரை வாங்கப் போகிற பெரியவர். கார் இருந்தால் இவர்கள் ஏன் நிழற்குடையில் நிற்கிறார்கள்? 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. அதுவும் மலைப்பகுதிகள் தவிர மற்ற இடங்களில் சாதாரண நகரப் பேருந்தில்தான். அந்த பஸ் புறவழியில் போய்விட்டால், ஊருக்குள்ளிருந்து அங்கே போய்ச் சேர ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். அரசு ஒரு கையால் கொடுத்ததை ஆட்டோ மறு கையால் வாங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்குப் புறவழி முனையில் விளக்கு கூட இல்லாத இடத்தில் ஒரு பெண்ணை இறக்கிவிட்டுப் போகிற கொடுமையை எத்தனையோ ஊர்களில் பார்த்தாயிற்று. உங்களுக்கு மிச்சமாகிற இருபது நிமிடத்துக்கு அவள் கொடுக்கிற விலை அது.

ஊருக்குள் வருவது கண்டக்டர் காட்டுகிற தயவும் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட்டில் எந்த வழி குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வழியில்தான் பஸ் ஓட வேண்டும். நிபந்தனையை மீறினால் பெர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ அதிகாரம் இருக்கிறது. பயணிகள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றும் நடக்காது.

இந்தச் சாலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அறுவடைக் காலத்தில் வந்து பாருங்கள். சாலையில் ஒரு பாதி முழுக்க நெல் கொட்டிக் கிடக்கும். காலால் கிளறிக்கொண்டே நடப்பார்கள், மேகம் கறுத்தால் படுதாவோடு ஓடுவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டை திரும்பிவிடும். தார்ச்சாலையில் நெல் சீக்கிரம் காயும். பைக்கில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள், உண்மை. அதற்காக விவசாயியைத் திட்டிப் பயனில்லை. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் பக்கத்திலும் உலர்களம் போட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் சாலையில் காயப்போடாதே என்று சொல்லட்டும்.

நெடுஞ்சாலைத் துறையிடம் எனக்கும் ஒரு கோபம் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, சாலை திண்ணைக்கு மேலே ஏறிவிட்டது. ஐப்பசி மழையில் வீட்டுக்குள் தண்ணீர். சுரண்டிய பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று தலைமைச் செயலாளரே 2021-ல் உத்தரவிட்டார். உங்கள் ஊருக்குள் இந்த நெடுஞ்சாலையில் அடுத்த முறை தார் லாரி வந்து நின்றால், பழைய தாரைச் சுரண்டியாயிற்றா என்று முதலில் கேளுங்கள். சுரண்டவில்லை என்றால் வேலையை நிறுத்தச் சொல்லிக் கோட்டப் பொறியாளருக்கு அன்றைக்கே மனு கொடுங்கள்.